தொப்பையைக் குறைக்க உடல் சுத்திகரிப்பு முகாம் உதவுமா?

ஆலங்குளத்தான் எழுதியது:

மருத்துவம் அறிந்தவர்கள் இங்கே பலர் இருப்பதால் இதைக் கேட்கிறேன். எனக்கு வயது 42. திருநெல்வேலியில் நாள் முழுவதும் கணினி முன் உட்கார்ந்து பார்க்கும் வேலை. கையும் காலும் ஒல்லியாகவே இருக்க, வயிறு மட்டும் முன்தள்ளி விட்டது. அலுவலகத்தில் செய்த பரிசோதனையில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாகவும், வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 இருப்பதாகவும் தெரிவித்தார்கள். முக்கூடலில் இருக்கும் என் அம்மாவுக்கு வயது 65. இளம் வயதிலிருந்தே பீடி சுற்றி எங்களை வளர்த்தவர். அவருக்கும் வயிறு பெருத்துவிட்டது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறார்.

குற்றாலம் பக்கத்தில் மூன்று நாள் உடல் சுத்திகரிப்பு முகாம் நடத்துகிறார்கள். முதல் நாள் விடியற்காலையில் நிலாவரைச் சூரணம் கொடுத்துப் பேதியாக்குவார்கள். பின்னர் மூன்று நாளும் பழச்சாறும் மூலிகைக் கஷாயமும் மட்டுமே. கடைசி நாளில் எனிமா. குடல் சுவரில் ஆண்டுக்கணக்காக ஒட்டியிருக்கும் கழிவுதான் தொப்பைக்குக் காரணம் என்றும், அது வெளியேறினால் இடுப்பில் இரண்டு அங்குலம் குறையும் என்றும் துண்டறிக்கையில் அச்சிட்டிருக்கிறார்கள். அம்மாவையும் அழைத்துக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன். பணம் இன்னும் கட்டவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அம்பை மருத்துவர் எழுதியது:

தம்பி, முதலில் உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அவர் சர்க்கரைக்கு எந்த மாத்திரை எடுக்கிறார் என்பதைச் சீட்டைப் பார்த்து எழுதுங்கள். கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை, உணவு உள்ளே போனாலும் போகாவிட்டாலும், இன்சுலினைச் சுரக்கும்படி கணையத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கும். அவற்றை விழுங்கிவிட்டுப் பட்டினி கிடந்தால் இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி, வியர்வை, நடுக்கம், மயக்கம் என்று வரிசையாக வரும். தூக்கத்தில் வந்தால் பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. அழுத்தத்துக்கான மாத்திரையில் சிறுநீரைப் பெருக்கும் மருந்தும் சேர்ந்திருந்தால், அதில் ஏற்கெனவே குறையும் பொட்டாசியம் பேதியிலும் போய், இதயத்துடிப்பே சீர்கெடக்கூடும். ஆகவே எக்காரணம் கொண்டும் அவரை அந்த முகாமுக்கு அழைத்துச் செல்லாதீர்கள்.

இனி உங்கள் வயிற்றுக்கு வருவோம். குடல் சுவரில் ஆண்டுக்கணக்காகக் கழிவு ஒட்டிக்கிடப்பதில்லை. குடலின் உட்புறத் தோல் சில நாட்களுக்கு ஒருமுறை தானே உரிந்து புதிதாக வளர்கிறது. கேமராக் குழாயை உள்ளே செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் மருத்துவர்கள் எவரும் அப்படியொரு படிவத்தைக் காண்பதில்லை. தொப்பை என்று நாம் கையால் தடவிப் பார்ப்பதில் இரண்டு வகைக் கொழுப்பு இருக்கிறது. ஒன்று தோலுக்கு அடியில் இருப்பது. விரல்களால் கிள்ளிப் பிடித்தால் கையில் வரும். மற்றொன்று வயிற்றறைக்குள் குடலையும் கல்லீரலையும் சூழ்ந்திருக்கும் உள்ளுறுப்புக் கொழுப்பு. தீங்கு மிகுந்தது இரண்டாவதுதான், ஏனென்றால் அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் பெருஞ்சிரை வழியாக நேரே கல்லீரலை அடைந்து, அங்கே படிந்து, இன்சுலின் தன் வேலையைச் செய்யவிடாமல் தடுக்கின்றன. உங்கள் கல்லீரல் கொழுப்பும், 112 என்ற சர்க்கரை அளவும், முன்தள்ளிய வயிறும் மூன்று நோய்கள் அல்ல. ஒரே கோளாறின் மூன்று முகங்கள். 100 முதல் 125 வரை உள்ள வெறும் வயிற்றுச் சர்க்கரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. திருத்திக்கொள்ள இன்னும் இடம் இருக்கும் நிலை.

இந்த இரண்டு கொழுப்பும் குடலுக்கு வெளியே இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். குழாயின் வெளிப்புறத்தில் படிந்த பாசியைக் குழாய்க்குள் தண்ணீர் விட்டுக் கழுவ முடியாதல்லவா? பேதிக்கும் எனிமாவுக்கும் அதே நிலைதான். கொழுப்பு உடலைவிட்டுப் போகும் வழியே வேறு. உடல் அதை எரித்து ஆற்றலாக்கும்போது அது கரியமில வாயுவாகவும் நீராகவும் பிரிகிறது. 10 கிலோ கொழுப்பு முழுவதும் எரிந்தால் 8.4 கிலோ மூச்சுக் காற்றிலும், எஞ்சிய 1.6 கிலோ சிறுநீர், வியர்வை போன்ற நீராகவும் வெளியேறும் என்று 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். நம் கொழுப்பில் பெரும்பகுதியை வெளியேற்றுவது நுரையீரல்தான்; மலக்குடலுக்கு அதில் பங்கில்லை.

நச்சு நீக்கம் என்ற சொல்லும் துண்டறிக்கையில் இருக்கும் என்று நினைக்கிறேன். நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, தேவையானதைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டரளவை மட்டும் சிறுநீராக வெளியே அனுப்புகின்றன. கல்லீரலும் இரவு பகலாக அதே பணியில்தான் இருக்கிறது. அவற்றைக் காக்க விரும்பினால் கல்லீரலில் படிந்த கொழுப்பைக் குறைக்க வேண்டும். எடையில் நூற்றுக்கு 5 பங்கு குறைந்தாலே அந்தக் கொழுப்பு குறையத் தொடங்கும், 7 முதல் 10 பங்கு குறைந்தால் கல்லீரல் வீக்கமும் தணியும்.

வண்ணார்பேட்டை வாசகர் எழுதியது:

மருத்துவர் ஐயா மீது மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் நேரில் கண்டதைச் சொல்ல வேண்டும் அல்லவா? நான் இதே போன்ற ஒரு முகாமுக்குப் போய் வந்தேன். மூன்று நாளில் மூன்று கிலோ குறைந்தது. திரும்பி வரும்போது பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. உடம்பும் பறப்பது போல் இலேசாக இருந்தது. பயனே இல்லை என்றால் அந்த மூன்று கிலோ எங்கே போனது?

அம்பை மருத்துவர் எழுதியது:

அண்ணாச்சி, மிகவும் நியாயமான கேள்வி. நீங்கள் பார்த்த எடைக் குறைவு உண்மையானது. அது கொழுப்பு அல்ல என்பதுதான் என் வாதம்.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. உட்கார்ந்த வேலை பார்க்கும் ஓர் ஆண் ஒரு நாளில் செலவிடுவது சுமார் 2,000 கலோரி. தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடாமல் மூன்று நாள் முழுப் பட்டினி கிடந்தால்கூட 6,000 கலோரிதான் பற்றாக்குறையாகும். அது ஒரு கிலோ கொழுப்புக்கே போதாது. நீங்களோ பழச்சாறு அருந்தியிருக்கிறீர்கள். அப்படியானால் மூன்று கிலோவில் பெரும்பகுதி வேறொன்றாகத்தான் இருக்க வேண்டும். நம் தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாவுச்சத்து அரைக் கிலோ அளவுக்கு இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் தன்னுடன் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். பட்டினியில் முதலில் கரைவது அதுதான். அத்துடன் குடலில் இருந்த உணவுச் சக்கையும், பேதியில் போன நீரும் உப்பும் சேர்ந்துகொள்ளும். வயிற்றுக்குள் காற்றும் சக்கையும் குறைந்ததால் பேன்ட் தளர்ந்தது, உடம்பும் இலேசாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து சில வேளை சோறு சாப்பிட்டதும் அந்த நீரெல்லாம் திரும்பி வந்திருக்கும். வந்ததா, இல்லையா?

வண்ணார்பேட்டை வாசகர் எழுதியது:

அந்த வாரக் கடைசியிலேயே எடை திரும்பிவிட்டது என்பது உண்மைதான். ஆயினும் முகாமுக்குப் பிறகு இரவு வேளையில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிடுவதை விட்டேன். அதன் பின் சில மாதங்களில் மெல்ல மெல்ல எடை இறங்கி, இன்றுவரை ஏறவில்லை. இவ்வளவு காலமும் அந்தப் பெருமையை முகாமுக்கே கொடுத்துவந்தேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பரோட்டாவை விட்டதற்குக் கிடைத்த பலன் என்று படுகிறது.

நாங்குநேரி விவசாயி எழுதியது:

நிலாவரை என்ற பெயரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் மானாவாரியாக விளையும் பயிர் அது. எங்கள் தோட்டத்திலும் போட்டிருக்கிறோம். மழை பொய்த்தாலும் தாக்குப்பிடிக்கும். ஆடு மாடு வாய் வைக்காது. இலையைப் பறித்ததும் வெயிலில் போட்டால் நிறம் வெளுத்து விலை போகாது என்பதால், களத்தில் நிழல் பார்த்து மெல்லிய அடுக்காகப் பரப்பி, அவ்வப்போது கிளறிவிட்டு, பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம் வரும்வரை உலர்த்துவோம். இலையைத் தனியாகவும் காயைத் தனியாகவும் சாக்கில் கட்டி அனுப்புவோம். தூத்துக்குடி வழியாகக் கப்பலேறும். வெளிநாட்டு மருந்துச் சந்தையில் அதற்குத் திருநெல்வேலி சென்னா என்றே பெயர்.

அந்த நாடுகளில் உடல் மெலியும் தேநீர் என்று விற்கும் பொட்டலங்கள் பலவற்றில் நம் ஊர் இலைதான் இருக்கிறது என்று கொள்முதல் செய்ய வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதே மண்ணில் பிறந்த எங்கள் பெரியவர்கள் மலச்சிக்கல் என்றால் மட்டும், அதுவும் ஒரு வேளைக்கு, இந்த இலையைக் கொடுப்பார்கள். மெலிவதற்காக இதைக் குடித்தவர் எவரையும் நான் கண்டதில்லை. பயிர் செய்கிறவன் என்ற முறையில் என் இலை விலை போக வேண்டும் என்பதில் எனக்கு அக்கறை உண்டு. ஆனால் அது எதற்கு உரிய மருந்தோ அதற்கு மட்டும் போக வேண்டும்.

அம்பை மருத்துவர் எழுதியது:

அருமையாகச் சொன்னீர்கள். நிலாவரை உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் மலச்சிக்கலுக்கான மருந்தாக இடம்பெற்றிருக்கிறது. அதன் தகுதியை நான் குறைத்துப் பேசவில்லை. அதிலுள்ள சென்னோசைடு என்ற பொருள் சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை அடைந்த பிறகே, அங்குள்ள பாக்டீரியாக்களால் மாற்றப்பட்டு வேலையைத் தொடங்கும். அதனால்தான் இரவில் சாப்பிட்டால் காலையில் வயிறு போகிறது. உணவின் சத்தில் பெரும்பகுதி அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. நீங்கள் சாப்பிட்ட அல்வாவின் கலோரி இரத்தத்தில் கலந்தபின், சக்கையை மட்டும் விரைவாக வெளியேற்றி என்ன பயன்? மெலிவதற்காக மாதக்கணக்கில் குடிப்பவர்களுக்கு நீரிழப்பும் பொட்டாசியக் குறைவும் ஏற்படுவதோடு, பெருங்குடலின் உட்புறம் கறுத்துப்போவதும் உண்டு.

எனிமாவின் ஆபத்தை நான் எழுதாமல் விட்டேன். மலம் இறுகி வெளியேறாதபோது மருத்துவமனையில் கொடுப்பது வேறு. பழக்கமற்ற கைகள் நீரைப் பெருமளவில் செலுத்தினால் குடலில் துளை விழுந்து அறுவை சிகிச்சை வரை போகலாம்.

பாளைச் சித்தம் எழுதியது:

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் பயின்றவன் நான். 1964இல் தொடங்கிய அந்தக் கல்லூரியால் இந்த மாவட்டத்தின் சிற்றூர்கள்வரை சித்த மருத்துவர்கள் பரவியிருக்கிறார்கள். முகாம் நடத்துபவர்கள் எங்கள் மருத்துவத்தின் பெயரைச் சொல்லிக்கொள்வதால் இந்த விளக்கத்தைக் கொடுப்பது என் கடமை.

நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்து உண்பது எங்கள் மரபில் உண்டு. அதை மறைக்கவோ மறுக்கவோ தேவையில்லை. ஆனால் எதற்காக? விரேசனத்தால், அதாவது பேதியால், வாதம் தாழும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஒரு சிகிச்சையைத் தொடங்கும் முன் உடலை அதற்கு ஆயத்தம் செய்வதற்காகவும் கொடுக்கிறோம். கொழுப்பைக் கரைப்பதற்காகக் கொடுப்பதில்லை. சித்த மருத்துவம் உடலை ஏழு தாதுக்களாகப் பிரிக்கிறது: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம். மலம், சிறுநீர், வியர்வை ஆகியவை கழிவு என்ற வேறு பிரிவில் வருகின்றன. கொழுப்பு எங்கள் கணக்கில் உடலைத் தாங்கும் தாதுக்களில் ஒன்று. அது மிகும்போது நோயாகிறது. மிகுந்த தாதுவைக் கழிவாக எண்ணிப் பேதியில் கழித்துவிடலாம் என்பது ஆங்கில மருத்துவத்துக்கு முரணாவதற்கு முன்பே சித்த மருத்துவத்துக்கு முரணானது.

பேதிக்கு மருந்து கொடுக்கும் முன் நாடி, வயது, உடல் வன்மை, பருவகாலம் ஆகியவற்றைப் பார்க்கிறோம். கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் அதைத் தவிர்க்கிறோம். அன்றைக்குக் கஞ்சியும் மோரும் மட்டும் கொடுத்து ஓய்வில் இருக்கச் சொல்கிறோம். ஒரே மண்டபத்தில் நூறு பேரை உட்காரவைத்து எல்லோருக்கும் ஒரே கரண்டியால் அளந்து கொடுப்பதை நான் மருத்துவம் என்று ஏற்கமாட்டேன்.

கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியைப் பலர் என்னிடம் சொல்லி, கொள்ளுத் தண்ணீர் குடித்தால் போதுமா என்று கேட்கிறார்கள். கொள்ளில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் புரதமும், நல்ல அளவு நார்ச்சத்தும் இருக்கின்றன. அது சோற்றின் இடத்தில் வந்தால்தான் பயன் தரும். மூன்று வேளை சோறும் இட்லியும் குறையாமல் இருக்க, அதற்கு மேல் ஒரு குவளை கொள்ளு ரசம் குடித்தால் வயிறு குறையாது. காலையில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடிக்கும் வெந்நீருக்கும் இதே விடைதான். தேனும் சர்க்கரை வகையே. மாத்திரை வடிவில் விற்கும் குடம்புளிச் சாற்றை மட்டும் தொடவே வேண்டாம். மீன் குழம்பில் போடும் இரண்டு சுளை வேறு. அந்த மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு.

மேலப்பாளையம் அக்கா எழுதியது:

தம்பி, நானும் பீடி சுற்றிய வீட்டில் வளர்ந்தவள் என்பதால் உங்கள் அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். விடிந்ததும் சமையலை முடித்துவிட்டுச் சுளகை மடியில் வைத்தால், கணக்குக்கான கட்டு சேரும்வரை எழுந்திருக்க மனம் வராது. நனைத்த இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூலைக் கட்டும்வரை கை மட்டும் ஓயாமல் ஓடுமே தவிர, இடுப்புக்குக் கீழே உடம்பு அசைவதே இல்லை. பசித்தால் பக்கத்திலேயே ஒரு டீயும் முறுக்கும் வரும். நாள் முழுவதும் உழைத்துக் களைத்த பெண்ணைப் பார்த்து உடற்பயிற்சி செய்யவில்லை என்று சொன்னால் அவளுக்கு வேதனையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த உழைப்பு விரலோடு முடிந்துபோகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்குக் கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறுகிறது என்று எங்கள் மருத்துவர் சொல்லியிருக்கிறார். இவ்வளவும் சேர்ந்துதான் அந்த வயிறு.

எங்கள் தெருவில் சிலர் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். குறிப்பிட்ட அளவு பீடி சேர்ந்ததும் சுளகை இறக்கி வைத்து, கொல்லைவரை நடந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருவோம். எண்ணிக்கை குறையும் என்று முதலில் பயந்தோம், குறையவில்லை. முதுகு பிடிப்பு குறைந்ததால் கை வேகமாகவே ஓடியது.

சாப்பாட்டில் நம் ஊரிலேயே நல்ல பழக்கங்கள் இருக்கின்றன; அவற்றைத்தான் நாம் விருந்து நாளுக்கென்று ஒதுக்கிவிட்டோம். தோல் உளுந்து போட்ட உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் வெறும் வெள்ளைச் சோற்றைவிட நெடுநேரம் பசி தாங்கும். உளுந்தைக் கூட்டி அரிசியைக் குறைத்தால் இன்னும் நல்லது. கூட்டாஞ்சோற்றில் காய்தான் முக்கால் பங்கு இருக்க வேண்டும். வாழைத்தண்டும் முருங்கைக்கீரையும் இங்கே விலை மலிவு. சொதியை மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் தேங்காய்ப் பால் மூன்று தடவை பிழிந்து ஊற்றும்போது சோறும் அளவில்லாமல் இறங்கிவிடுகிறது.

ஆலங்குளத்தான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. முகாமுக்குப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் கேள்வி தீரவில்லை. முகாம் மூன்று நாளில் முடிந்துவிடும். அதற்குப் பதிலாக நான் எதை, எவ்வளவு காலம் செய்ய வேண்டும்? காலையில் வயிற்றுப் பயிற்சி செய்து பார்த்தும் வயிறு குறையவில்லை. இன்னொன்று: என் பேன்ட் அளவு 34தான். அப்படியிருக்க எனக்குத் தொப்பை என்று சொல்லலாமா?

அம்பை மருத்துவர் எழுதியது:

பேன்ட் அளவை நம்பாதீர்கள். நாம் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறோம். தையற்காரரின் நாடாவை எடுங்கள். கடைசி விலா எலும்பின் அடிக்கும் இடுப்பெலும்பின் உச்சிக்கும் நடுவில், வெறும் உடம்பில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், வயிற்றை உள்ளே இழுக்காமல் அளக்க வேண்டும். ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் இந்தியர்களுக்கான எல்லை. ஐரோப்பியர்களைவிட நம்மவர்கள் அதே எடையில் கூடுதல் கொழுப்பும் குறைந்த தசையும் உடையவர்கள் என்பதால்தான் நமக்கு எல்லையைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை ஆய்வாளர்கள் நாடு முழுவதும் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், வயது வந்தோரில் 39.5 விழுக்காட்டினருக்கு வயிற்றுப் பருமன் இருந்தது. உங்களைப் போல் கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருத்தவர்கள் அதில் ஏராளம்.

வயிற்றை மடக்கிச் செய்யும் பயிற்சி வயிற்றுத் தசையை வலுவாக்கும். அதன் மேலிருக்கும் கொழுப்பை மட்டும் தேர்ந்து எரிக்காது. எந்தப் பயிற்சியானாலும் உடல் முழுவதிலுமிருந்துதான் கொழுப்பு குறையும். தினமும் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் குறையத் தொடங்கும். போகப் போக அந்த வேகம் தணியும். அதைவிட விரைவாகக் குறைத்தால் தசையும் சேர்ந்து போகும்.

அந்த 500 கலோரியை எங்கே எடுப்பது என்று வெளியே தேட வேண்டாம். அலுவலகத்தில் எத்தனை தடவை டீ குடிக்கிறீர்கள்? ஒரு டீக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் பத்து கிராம் சர்க்கரை. ஐந்து டீ என்றால் 50 கிராம், அதாவது 200 கலோரி. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. டீயோடு வரும் வடையைச் சேர்த்தால் உங்கள் 500இல் பெரும்பகுதி அங்கேயே இருக்கிறது. எஞ்சியதை இரவுச் சாப்பாட்டில் எடுத்துவிடலாம். தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ, மீதிக் கால் பங்குதான் சோறு. உவரி, இடிந்தகரையிலிருந்து வரும் சாளையும் நெத்திலியும் வறுக்காமல் குழம்பாக வைத்தால் அதைவிடச் சிறந்த இரவு உணவு எது? மது அருந்தும் பழக்கம் இருந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு கிராம் மதுவில் 7 கலோரி, கல்லீரலுக்குச் சுமை வேறு.

தூக்கத்தை யாரும் பேசவில்லை. இரவில் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிடப்பட்டவர்களுக்கு இரண்டே வாரத்தில் உள்ளுறுப்புக் கொழுப்பு கூடியதை 2022இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வு காட்டியது. ஏழு மணி நேரத் தூக்கம் இல்லாமல் மற்றதையெல்லாம் செய்தாலும் பசி உங்களைத் தோற்கடித்துவிடும்.

பாளை உடற்கல்வி எழுதியது:

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நடைப்பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வழிகாட்டியது. வ.உ.சி. மைதானத்தில் காலையில் பலரைப் பார்க்கிறேன்; பேசிக்கொண்டே உலாவிவிட்டு, வெளியே வந்ததும் டீக்கடையில் வடையோடு முடிக்கிறார்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது; அதுதான் வேகத்தின் அளவு. நம் ஊர் வெயிலுக்கு ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. காலையில் இயலாதவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிடம் நடந்தால் சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை அடங்கும்.

நாற்பதைத் தாண்டியவர்கள் தசைப் பயிற்சியை விடக்கூடாது. தண்டாலும் பஸ்கியும் போதும். கருவி எதுவும் வேண்டாம். முழங்கால் வலி இருப்பவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்து மறுபடி உட்காரலாம். அந்த அம்மாவுக்கும் இதையே சொல்வேன்.

ஆலங்குளத்தான் எழுதியது:

நாடாவைப் பிடித்து அளந்தேன்: எனக்கு 98, அம்மாவுக்கு 93. அம்மாவின் சீட்டையும் பார்த்தேன். மெட்ஃபார்மினும் கிளிமிப்பிரைடும் எழுதியிருக்கிறார்கள். அவர் இரவுச் சோற்றைக் குறைத்துவிட்டுச் சுண்டல் சாப்பிடத் தயார் என்கிறார். டீக்குச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

பாளைச் சித்தம் எழுதியது:

கருப்பட்டியில் சில தாதுப்புகள் கூடுதலாக இருப்பது உண்மை. ஆனால் அதிலும் பெரும்பகுதி சர்க்கரையே; பதநீரிலும் அப்படித்தான். நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரையும் கருப்பட்டியும் ஒன்றே. சுக்கு, மல்லி தட்டிப் போட்டு இனிப்பில்லாமல் குடிக்கப் பழகட்டும். சில நாட்களில் நாக்கு பழகிவிடும்.

அம்பை மருத்துவர் எழுதியது:

அம்மாவின் சீட்டைப் பார்த்து எழுதச் சொன்னதற்குக் காரணம் இதுதான். கிளிமிப்பிரைடு எடுக்கும் ஒருவர் திடீரென்று இரவுச் சோற்றைக் குறைத்தாலும் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். நல்ல பழக்கம் என்பதற்காக அந்த ஆபத்து விலகிவிடாது. ஆகவே முதலில் சீட்டு எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் அவரை அழைத்துப் போய், இன்ன அளவு சோறு குறைக்கப் போகிறோம், இவ்வளவு நேரம் நடக்கப் போகிறோம் என்று சொல்லுங்கள். மாத்திரையின் அளவைக் குறைப்பதா, இரவு வேளையை மாற்றுவதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதற்குள் அம்மாவுக்கு வியர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துச் சர்க்கரையை அளந்து பாருங்கள். ஏறாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108க்கு அழைத்துவிடுங்கள். உங்களுக்கு மூன்று மாதம் கழித்து வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் கல்லீரல் பரிசோதனையும் மறுபடி எடுக்க வேண்டும். இடுப்பளவை மாதம் ஒருமுறை, அதே நாடாவால், அதே இடத்தில் அளந்து குறித்து வைத்து, முடிவுகளோடு இங்கே எழுதுங்கள்.